மூன்று வளையப் பர்னர்

அந்தப் பர்னரைத் தேர்ந்தெடுத்தது நான்தான். கடையில் புரட்டிப் பார்த்து வாங்கியதும் நான், சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்ததும் நான், பொருத்தியதும் நான். என் தங்கையின் கணவர் கேட்டது ஒரே ஒரு உதவி.

"இருபத்தஞ்சு லீட்டரு தண்ணி ஒரு மணித்தியாலம் தளதளன்னு கொதிக்கணும் மச்சான். அதுக்கு என்ன அடுப்பு சரிவரும்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

என்னிடம் கேட்டதில் நியாயம் இருந்தது. நகரத்துத் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருபது வருஷத்துக்கு மேலாக இருப்பவன் நான். எந்த இணைப்பில் கசிகிறது, எந்த வால்வு தேய்ந்துவிட்டது என்று காதை வைத்தே சொல்லிவிடுவேன் என எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

மச்சான் ஒன்பது வருஷம் கொரியாவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு வந்தவர். வந்ததும் ஹந்தானை மலைக்கு ஏறும் வீதியில், சரிவில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளுக்கு நடுவே ஒரு சின்ன வீட்டை வாங்கினார். அவருக்கும் தங்கைக்கும் பிள்ளைகள் இல்லை. கொரியாவில் அவருக்கு மேலே இருந்த ஒரு மேற்பார்வையாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டிலேயே பியர் செய்வாராம். இவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கற்றுக்கொடுத்திருக்கிறார்.

"அங்க ஒரு மூடிக்கு ஒரு பக்கத்த அமுக்குறது மட்டுந்தான் மச்சான் என் வேல. ஒன்பது வருஷமா அது எந்தப் போத்தலோட மூடின்னே எனக்குத் தெரியாது. முழுசா ஒரு சாமானச் செஞ்சு முடிச்சேன்னா அது அந்தப் பியர் மட்டுந்தான்" என்பார்.

அவர் குடிகாரர் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகு நடந்ததைக் கேள்விப்பட்டவர்கள் பலர் அப்படித்தான் பேசினார்கள். ஒரு போத்தலைத் திறந்தால் பாதியை என் கோப்பையில் ஊற்றிவிட்டு மீதியை ஒரு பகல் முழுவதும் வைத்துக் குடிப்பார். கடையில் விற்கும் பியர் அவருக்குப் பிடிக்கவில்லை. கொரியாவிலிருந்து வரும்போது பெட்டியில் சட்டை துணிகளுக்கு நடுவே முளைவிட்ட பார்லியில் செய்த மோல்ட் பாணி டின்கள் சிலவும், ஹொப்ஸ் என்று சொல்கிற பச்சை உருண்டைகள் ஒரு பொதியும், ஈஸ்டும் கொண்டுவந்திருந்தார். அந்த உருண்டைகளை முகர்ந்தால் வெட்டிய புல்லும் எலுமிச்சந்தோலும் சேர்ந்த வாசம். பியருக்குக் கசப்பைத் தருவது அதுதான்.

தங்கைக்கு இது அறவே பிடிக்கவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் அப்பா கசிப்பு என்கிற கள்ளச்சாராயத்தைக் குடித்தே செத்தார். அவர் வாயிலிருந்து வந்த நுரையைத் துடைத்தவள் அவள்.

"வீட்டுக்குள்ள காச்சுறதுக்கா கொரியாவுக்குப் போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள்.

"இது காச்சுறது இல்லம்மா. அவிச்சு, ஆறவெச்சு, புளிக்கவெக்கிறது. பாண் மாவு புளிக்கிற மாதிரி."

"எதுன்னாலும் பொலிஸுக்கு ஒண்ணுதான்."

அது உண்மை. அனுமதி இல்லாமல் வீட்டில் மதுபானம் செய்தால் வழக்குத்தான். எனக்கும் அது தெரியும். ஆனாலும் அவரைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஊருக்கு வந்த மனிதர் ஒரு வேலையும் பிடிக்காமல் கதிரையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் முகத்தில் உயிர் வந்தது.

முதலில் குசினியில் இருந்த இரண்டு வாய் காஸ் அடுப்பில் ஒரு பெரிய அண்டாவை வைத்துப் பார்த்தோம். அண்டாவின் அடி இரண்டு அடுப்பையும் மூடிக்கொண்டது. இரண்டரை மணித்தியாலம் எரிந்தும் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தனவே ஒழியக் கொதிக்கவில்லை. அது சரிவராது என்று தெரிந்தது. விறகு வைக்கலாம் என்றால் ஹந்தானை மழையில் காய்ந்த விறகு கிடைப்பது கஷ்டம். புகை வேறு வீதிக்கே தெரியும். மண்ணெண்ணெய் அடுப்பின் வாடை பியரில் இறங்கிவிடும் என்றார் மச்சான். மின்சாரத்தில் சூடாக்கும் கம்பியை நான் வேண்டாம் என்றேன். அந்த வீட்டு வயர்கள் பழையவை. அவ்வளவு பாரத்தைத் தாங்காது. கடைசியில் மிஞ்சியது காஸ்தான். ஆனால் பெரிய பர்னர் வேண்டும்.

அது நாடு முழுவதும் காஸைக் கண்டு பயந்துகொண்டிருந்த காலம். ஊரடங்குகள் ஓய்ந்து சனங்கள் வெளியே வரத் தொடங்கிய நேரத்தில், அங்கே அடுப்பு வெடித்தது, இங்கே சிலிண்டர் வெடித்தது என்று நாளுக்கொரு செய்தி வந்தது. எங்கள் வீட்டிலும் சிலிண்டரைக் குசினியிலிருந்து தூக்கி வெளியே வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் குடையைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தோம். அதனால் பர்னர் வாங்கப் புறப்பட்டபோது என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று: கசியக் கூடாது, வெடிக்கக் கூடாது.

பிலிமத்தலாவையில் எனக்குப் பழக்கமான ஒரு கடைக்காரர் இருந்தார். ஹோட்டல்களுக்கும் கல்யாண வீட்டுச் சமையலுக்கும் பாத்திரம், அடுப்பு விற்கும் முஸ்லிம் பெரியவர். நானா என்றுதான் கூப்பிடுவேன். எதற்கு என்று சொல்லாமல், இருபத்தைந்து லீட்டர் கொதிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் இரண்டு பர்னர்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று, ஒரே ஒரு பித்தளைத் துளையிலிருந்து சீறிக்கொண்டு எரிவது. மற்றது வார்ப்பிரும்பில் செய்த மூன்று வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருகு.

"சீறுற சாமான் கெதியாக் கொதிக்க வைக்கும் தம்பி. ஆனா அடி புடிச்சிரும். மூணு வளயத்துல நெருப்பு பரந்து ஈக்கும். பாணி மாதிரி கட்டியான சாமானுக்கு இதுதான் நல்லம்."

மோல்ட் அடிப்பிடித்தால் பியர் கருகிய சுவை அடிக்கும் என்று மச்சான் சொல்லியிருந்தார். அதனால் மூன்று வளையத்தை எடுத்தேன். கூடவே அழுத்தம் கூடிய ரெகுலேட்டர், தடித்த குழாய், இரண்டு இறுக்கிகள். நானா எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கட்டும்போது சொன்னார்:

"இது பந்தலுக்குக் கீழ வெச்சு எரிக்கிற சாமான், வெளங்கிச்சா? ஊட்டுக்குள்ள வெச்சு எரிக்க ஏலா."

"இல்ல நானா, வெளியிலதான்" என்றேன். அந்த நேரத்தில் அது பொய் இல்லை. சூடு அதிகம், சுவர் கறுக்கும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முதல் தடவை பின்முற்றத்தில்தான் வைத்தோம். இணைப்புகள் எல்லாவற்றிலும் சவர்க்கார நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். பக்கத்தில் ஒரு வாளி மணலும் நனைத்த சாக்கும் வைத்தேன். மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். பற்றவைத்ததும் மூன்று வளையமும் நீலமாக, பூ விரிந்த மாதிரி எரிந்தன. அரை மணித்தியாலத்துக்குள் அண்டா தளதளவென்று கொதித்தது. மோல்ட் பாணியை ஊற்றிக் கலக்கியபோது வந்த வாசம் வீதிவரை போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, கித்துள் மரத்துப் பாணியா காய்ச்சுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஓவ் சேர், பாணி" என்றார் மச்சான்.

"எனக்கும் ஒரு போத்தல் வையுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். நல்ல மனிதர். அவர் எதையும் மனதில் வைத்துக் கேட்கவில்லை. ஆனால் வாசம் வேலி தாண்டிவிட்டது என்று அந்தக் கேள்வியிலேயே எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

அந்தப் பியர் நன்றாக வந்தது. நாலைந்து வாரம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் முதல் போத்தலைத் திறந்தோம். தங்கையும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "வேப்பங்கொழுந்து மாதிரி இருக்கு. இதுக்கா இந்தப் பாடு?" என்றாள். மச்சான் போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, குமிழிகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

இரண்டாவது தடவை வெளியே வைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தது இருவரும் சேர்ந்துதான். மழைக்காலம். காற்று நெருப்பை அலைக்கழிக்கும். அதைவிடப் பெரிய காரணம் வாசம். குசினிக்குப் பின்னால் பழைய சாமான்கள் போட்டு வைக்கும் ஒரு அறை இருந்தது. ஒரு கதவு, ஒரு ஜன்னல், மேலே தகரம். அதைக் காலிசெய்தோம். சிலிண்டரை நான் உள்ளே விடவில்லை. சுவரில் ஓட்டை போட்டு, சிலிண்டரை வெளியே கூரைக்குக் கீழே நிறுத்தி, குழாயை ஓட்டை வழியாக உள்ளே கொண்டுவந்தேன். ஓட்டையைச் சுற்றி இருந்த இடைவெளியைச் சீமெந்து குழைத்து அடைத்தேன். வேலை முடிந்ததும் நின்று பார்த்து, இதைவிடப் பாதுகாப்பாக யாராலும் செய்ய முடியாது என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை கோயிலுக்குப் போய்விட்டாள். வெளியே நல்ல மழை. ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டார் மச்சான். கதவையும் சாத்தினோம். கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியில் ஒரு சாக்கை மடித்துச் செருகியவன் நான். காலால் அமுக்கி அமுக்கிச் செருகினேன்.

தொடக்கத்தில் பர்னர் முன்போலவே நீலமாக எரிந்தது. கொதி வந்து, முதல் பங்கு ஹொப்ஸைப் போட்டு, மச்சான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் நேரம் வைத்தார். கொஞ்ச நேரத்தில் நெருப்பின் நுனி மஞ்சளாவதைக் கவனித்தேன். குனிந்து, பர்னரின் வாயில் இருக்கும் காற்றுத் தட்டைத் திருகிப் பார்த்தேன். சரியாகவில்லை. அண்டாவின் பக்கத்தில் உரசிய என் சட்டைக் கையில் கரி ஒட்டியது.

"இந்தக் காஸே சரியில்ல மச்சான். என்னத்தையோ கலக்குறானுங்க" என்றேன்.

"எனக்குத் தலைய வலிக்குது. இந்த வாசத்துக்கா இருக்கும்" என்றார் அவர்.

எனக்கும் வலித்தது. அதே பர்னர், அதே ரெகுலேட்டர், அதே சிலிண்டர் முற்றத்தில் நீலமாக எரிந்தது. இங்கே மஞ்சளாக எரிகிறது. இடையில் மாறியது அறை மட்டும்தான். ஒரு வீதியில் தண்ணீர் வராவிட்டால், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்றுதான் நான் முதலில் கேட்பேன். அதை வைத்துத்தான் பிழைப்பு நடத்தினேன். அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை.

கொதித்து முடிந்ததும் அண்டாவைச் சீக்கிரம் ஆறவைக்க ஐஸ் வேண்டும். அதை வாங்கிவர நான் கிளம்பினேன். நான் வெளியே வந்ததும் மச்சான் உள்ளேயிருந்து சாக்கை மறுபடியும் கதவடியில் இழுத்துச் செருகும் சத்தம் கேட்டது. அந்த அறையில் அவர் செய்ததாக எனக்குத் தெரிந்த கடைசி வேலை அதுதான்.

மழையில் தலைவலி கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. சந்தையில் மீன் கடைக்காரரிடம் ஐஸ் வாங்கி, ஆட்டோ பிடித்து வர முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. கதவைத் தள்ளினேன், பாதிதான் திறந்தது. அவர் கால் கதவுக்குப் பின்னால் கிடந்தது. அண்டா பாதியாக வற்றி, பர்னர் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காஸை மூடி, அவரை அக்குளில் பிடித்து முற்றத்துக்கு இழுத்துவந்தேன். என் சத்தத்தைக் கேட்டு ஆசிரியர் வேலியைத் தாண்டியே வந்தார். மழையில் நனைந்தபடி இருவரும் அவரைத் தூக்கி முன்வாசல் கதிரையில் சாய்த்தோம்.

மூச்சு இருந்தது. முகம் செத்த முகமாக இல்லை. நன்றாகச் சிவந்து, ஓடி விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. அது என்னை ஏமாற்றியது. தண்ணீர் தெளித்ததும் வாந்தி எடுத்தார், கண்ணைத் திறந்தார், ஏதோ முனகினார். அந்த நேரம் தங்கை வந்துவிட்டாள். குடையை எறிந்துவிட்டு ஓடிவந்து, அலுமாரியில் இருந்து கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டிப் பார்க்கும் சின்னக் கருவியை எடுத்து அவர் விரலில் மாட்டினாள். தொண்ணூற்றெட்டு என்று காட்டியது.

"தொண்ணூத்தெட்டு. ஒக்சிசன் நல்லா இருக்கு" என்றேன். "மயக்கந்தான். கொஞ்சம் படுக்கட்டும்."

"அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஆசிரியரும் அதையேதான் சொன்னார். தன் மருமகனிடம் கார் இருக்கிறது, கூப்பிடட்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அவர் வீட்டுக்குப் போன பிறகு தங்கையிடம் மெதுவாகச் சொன்னேன்:

"போனா என்ன அவிச்சீங்கன்னு கேப்பாங்க. பொலிஸுக்கு எழுதி அனுப்புவாங்க. இவரு மறுபடி கொரியாவுக்குப் போகணும்னா அது ஒரு கறுப்புப் புள்ளி. கொஞ்சம் பார்ப்போம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அண்ணன். அதோடு பர்னர், குழாய், காஸ் எல்லாம் தெரிந்தவன். சரி என்று தலையாட்டினாள். ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக அந்தக் கருவியின் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு. பிறகு அவர் கை கால்கள் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கின. ஆசிரியரின் மருமகன் காரைக் கொண்டுவந்தார்.

ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்த டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டார். சமைத்துக்கொண்டிருக்கும்போது விழுந்துவிட்டார் என்றேன். காஸ் அடுப்பா என்றார். ஆமாம் என்றேன். காற்றோட்டம் இருந்ததா என்றார்.

"ஜன்னல் எல்லாம் திறந்துதான் இருந்திச்சு" என்றேன்.

அவ்வளவு லேசாக அந்தப் பொய் என் வாயிலிருந்து வந்தது. அவர்கள் அதை நம்பினார்கள். மூளையில் ஏதோ இரத்தக் கசிவு என்று நினைத்துத் தலையைப் படம் எடுக்க அனுப்பினார்கள். படத்துக்கு வரிசையில் காத்திருந்தோம். படத்தில் ஒன்றும் இல்லை. இப்படியே பொழுது சாய்ந்தது. பிறகு ஒரு பெண் டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. மச்சானின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார். என் சட்டைக் கையில் இருந்த கரியையும் பார்த்தார். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஐயா, நீங்கள் என்ன சமைச்சனீங்கள் எண்டு எனக்குத் தேவையில்லை. ஜன்னல் பூட்டியிருந்ததோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ."

நான் தரையைப் பார்த்தேன்.

"இவர் உங்கட ஆர்?"

"தங்கச்சி வீட்டுக்காரர்."

"அப்ப சொல்லுங்கோ."

"பூட்டியிருந்திச்சு. கதவுக்கும் சாக்குச் செருகியிருந்திச்சு. பெரிய பர்னர்" என்றேன்.

"இதை வந்த உடனே சொல்லியிருக்க வேணும்" என்று மட்டும் சொன்னார். உரத்துப் பேசவில்லை. அடுத்த நிமிஷம் ஓடித்திரிந்து முகத்தை இறுக்கிப் பிடிக்கும் ஒக்சிசன் மாஸ்க்கைப் போடவைத்தார். இரத்தம் எடுத்து அனுப்பினார். விரலில் மாட்டிப் பார்த்தோமே, தொண்ணூற்றெட்டு காட்டியதே என்று கேட்டேன்.

"பூட்டின அறைக்குள்ள காத்துக் காணாமல் எரிஞ்சால் நச்சு வாயு வரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்தில ஒக்சிசன் ஏற வேண்டிய இடத்தில அது போய்ப் பிடிச்சுக்கொள்ளும். அந்தச் சின்ன மெஷினுக்கு ரெண்டும் ஒண்டுதான். அதுக்கு வித்தியாசம் தெரியாது."

மறுநாள் காலையில் மச்சான் கண்விழித்தார். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பொலிஸ் வரவில்லை. அண்டாவில் என்ன கொதித்தது என்று கடைசிவரை யாரும் என்னிடம் கேட்கவேயில்லை. யாருக்குப் பயந்து ஜன்னலைப் பூட்டினோமோ, யாருக்குப் பயந்து நான் அந்த மணித்தியாலங்களைக் கடத்தினேனோ, அவர்கள் எங்களைத் தேடிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் முதல் இரண்டு மூன்று வாரம் நன்றாகவே இருந்தார். சோறு கேட்டுச் சாப்பிட்டார். "மச்சான், அடுத்த தடவ மலை உச்சிக்கே தூக்கிட்டுப் போய் அவிப்போம்" என்று கேலி செய்தார். தங்கை சிரிக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் நான் அந்தப் பர்னரை வேலைத்தளத்துக்குக் கொண்டுபோய், இரும்பு அறுக்கும் வாளால் மூன்று வளையத்தையும் துண்டு துண்டாக அறுத்துப் பழைய இரும்போடு போட்டேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் அவர் சட்டையை உட்புறம் வெளியாகப் போட்டுக்கொண்டு நின்றார். தங்கை சொன்னதும் கழற்றிவிட்டு மறுபடி அப்படியே போட்டார். இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போனவர் திரும்பவில்லை. தேடிப் போனபோது பஸ் தரிப்பில், மழையில், கையில் பாணோடு நின்றார். "எந்தப் பக்கம் போறது மச்சான்?" என்று கேட்டார். வீடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தது. அதற்கு அடுத்த வாரம் நடை சுருங்கியது. கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி இழுத்து இழுத்து நடந்தார். பிறகு பேச்சு குறைந்தது. படுக்கையிலேயே சிறுநீர் போனார். ஈரத்தில் படுத்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

மறுபடியும் அந்த யாழ்ப்பாணத்து டாக்டரைத்தான் பார்த்தோம். சிலருக்கு இப்படி வரும் என்றார். தெளிந்த மாதிரி இருந்துவிட்டு, சில வாரம் கழித்து மூளை சரியத் தொடங்குமாம். நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் தடுத்திருக்கலாமா என்று கேட்டேன்.

"சொல்லேலாது" என்றார். "தடுத்திருக்கலாம், தடுக்காமலும் விட்டிருக்கலாம்."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒரு நாள் பழி பாதிக்கு மேல் என் பக்கம் சாயும், மறுநாள் சாயாது.

கொஞ்சக் காலத்தில் நாட்டில் காஸே இல்லாமல் போய், வீதி வீதியாகச் சனங்கள் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்றார்கள். தங்கை முற்றத்தில் மூன்று கல்லை வைத்து விறகில் சமைத்தாள். புகையைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. மச்சானைப் பக்கத்தில் கதிரையில் உட்கார வைத்து, நழுவி விழாமல் இருக்க இடுப்பில் ஒரு சேலையைச் சுற்றிக் கட்டியிருப்பாள். ஒரு வாய் சோற்றை ஊட்டிவிட்டு, அவர் விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். விழுங்க வேண்டும் என்பதே சில நேரம் அவருக்கு மறந்துபோகும்.

நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும் முன்பு அங்கே போவேன். அவரைக் குளிப்பாட்டுவது என் பங்கு. தங்கைக்கு அவரைத் தூக்கும் பலம் இல்லை. அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கொஞ்சம் கொஞ்சமாக அவர் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். சில சொற்கள் திரும்பி வந்தன. தண்ணி, வலி, போதும். என் தங்கையின் பெயர் வந்தது. என்னை மச்சான் என்று கூப்பிடும் சொல் வரவில்லை. என்னைப் பார்த்துச் சிரிப்பார். யாரோ நல்ல மனிதர் வந்து குளிக்க வார்க்கிறார் என்ற மாதிரி.

அந்தச் சிரிப்புத்தான் என்னால் தாங்க முடியாமல் போனது. ஒரு நாள் காலை, அவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, துவாயோடு வந்து நின்ற தங்கையிடம் சொன்னேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஜன்னல் திறந்திருந்துச்சுன்னு நான் பொய் சொன்னேன். அதாலதான் அவங்க வேற எதையோ பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நேரம் போச்சு."

அவள் துவாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"தெரியும்ணே" என்றாள்.

"எப்படி?"

"அந்த டாக்டரம்மா அன்னைக்கே என்கிட்ட வந்து கேட்டாங்க. ஏன் உங்கட அண்ணன் முதல்ல மாத்திச் சொன்னவர்னு."

"இவ்வளவு நாளா ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டு?" என்றாள். குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "கேட்டா நீங்க வெக்கப்பட்டு இந்தப் பக்கம் வராம போயிருப்பீங்க. அப்புறம் இவர நான் தனியா எப்படித் தூக்குறது?"

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதும் இல்லை, நானும் கேட்டதில்லை.

"தண்ணி ஆறுது. அவருக்குக் குளிரும். அந்தக் கையப் புடிங்க" என்றாள்.

நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் பிடித்து அவரை எழுப்பினோம்.